முழு பெக்கப்பிலிருந்து லப்டொப்பை மீட்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்துதல்

எஸ்.எஸ்.டி. செத்தோ மதர்போட் எரிந்தோ போன லப்டொப்புக்குப் புதுப் பாகம் போட்டாயிற்று. வெளி ஹாட் டிஸ்க்கில் வின்டோஸின் முழு இமேஜ் பெக்கப்பும் (டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றினதும் அச்சுப் பிரதி) இருக்கிறது. அப்படியிருந்தும் மீட்பு நடுவழியில் நின்றால், பெக்கப் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். புது டிஸ்க்கின் அளவு, பயோஸில் (வின்டோஸ் வருமுன் திறக்கும், லப்டொப்பின் அடிப்படை அமைப்புத் திரை) ஓர் அமைப்பு, ஒரு கேபிள் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, அதன் கீழ் வரிசைப்படி பாருங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவானது கடைசியில்.

## தொடங்க முன்

பெக்கப் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறதென்றால் லப்டொப்பில் கை வைக்க முன் அந்த டிஸ்க்கைக் கவனியுங்கள். வேறொரு கணினியில் செருகி, இமேஜை இன்னொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். கொப்பி கடைசிவரை போனால், டிஸ்க்கை முழுதாக வாசிக்க முடிகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். செருகியதும் 'இந்த டிஸ்க்கை ஃபோமட் செய்ய வேண்டும்' என்று வின்டோஸ் கேட்டால் 'கான்சல்' அழுத்துங்கள். எந்த நிலையிலும் சம்மதிக்க வேண்டாம்.

யூ.எஸ்.பி. மவுஸ் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். மீட்புச் சூழலில் (மீட்பு பென் டிரைவிலிருந்து பூட் செய்ததும் வரும் திரை) பல லப்டொப்களின் டச்பாட் வேலை செய்யாது. அதைப் பார்த்து 'மெஷின் இறுகிவிட்டது' என்று பவரை நிறுத்துபவர்கள் பலர்.

லப்டொப்பின் பற்றரி பலவீனம் என்றாலோ, பெக்கப் டிஸ்க் சுவரில் செருகும் பெரிய 3.5 அங்குல வகை என்றாலோ யூ.பி.எஸ். வேண்டும். கொழும்பில் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடி மின்னல் வரும். அந்த மாதங்களில் இந்த வேலையைக் காலையில் தொடங்குங்கள். கரண்ட் போக இடியே வேண்டும் என்றுமில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது நினைவிருக்கும்.

## அறிகுறி 1: மீட்பு பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை

பூட் மெனுவே வரவில்லை. பவர் பட்டனை அழுத்திய கையோடு பூட் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர் பெரும்பாலும் எஃப்12, எச்.பி. எஃப்9, ஏசூஸ் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயோஸுக்குள் (எஃப்2) போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை 'எனேபிள்ட்' ஆக்க வேண்டும்.

மெனு வருகிறது, பென் டிரைவ் இல்லை. வேறு யூ.எஸ்.பி. போட்டில் செருகுங்கள், ஹப் வேண்டாம். பிறகு பென்னின் ஃபோமட்டைப் பாருங்கள். யூ.இ.எஃப்.ஐ. (புதிய பூட் முறை) லப்டொப்களில் பல ஃபாட்32 பென்னை மட்டுமே பூட் செய்யும், என்.டி.எஃப்.எஸ். பென்னைக் கண்டுகொள்ளாது.

தெரிகிறது, தெரிவு செய்தால் 'செக்யூர் பூட் வயலேஷன்'. பயோஸில் 'செக்யூர் பூட்'டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். மீட்பு முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஓன் செய்யுங்கள்.

ஒரே பென் இரண்டு தடவை காட்டுகிறது. ஒன்றின் முன்னால் 'யூ.இ.எஃப்.ஐ.' என்றிருக்கும், மற்றது பழைய 'லெகசி' முறை. பழைய வின்டோஸ் எந்த முறையில் இருந்ததோ அதே முறையில் பூட் செய்ய வேண்டும். கடந்த சில வருடங்களில் வாங்கிய லப்டொப் என்றால் அநேகமாக யூ.இ.எஃப்.ஐ. தான். இங்கே தவறான வரியைத் தெரிவு செய்தால் அறிகுறி 4இலோ 6இலோ அது திரும்ப வந்து நிற்கும்.

## அறிகுறி 2: புது எஸ்.எஸ்.டி. தெரியவில்லை

முதலில் பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே தெரிகிறதா இல்லையா என்பதில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது.

### பயோஸிலும் இல்லை

சரியாக உட்காராமல் இருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பற்றரியின் கனெக்டரை மதர்போட்டிலிருந்து எடுத்து, பவர் பட்டனைப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பிறகு எம்.2 எஸ்.எஸ்.டி.யை வெளியே எடுத்து, சுமார் 30 பாகை சரிவாகத் திரும்பச் செருகி, படுக்க வைத்து ஸ்குரூவை இறுக்குங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் மெல்லிய கோடளவுக்கு மேல் வெளியே தெரிந்தால் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடற்காற்று படும் வீடுகளில் இருந்த லப்டொப் என்றால் சொக்கட்டிலும் றாம் முனைகளிலும் மங்கலோ பச்சைப் படிவோ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பின் செருகுங்கள்.

பின்மூடியைத் திறக்கையில் பற்றரி உப்பியிருப்பதைக் கண்டால் அதோடு நிறுத்துங்கள். அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது. அப்படியே மூடி, சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது, வாங்கிய வகையே தவறாக இருக்கலாம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். உள்ளே சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. முனையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: என்.வி.எம்.இ.யில் வழக்கமாக ஒரு வெட்டு, சாட்டாவில் இரண்டு வெட்டு. சாட்டா எம்.2 என்.வி.எம்.இ. சொக்கட்டுக்குள் அழகாகப் போய் உட்காரும், ஆனால் ஒருபோதும் தெரியாது. நீளமும் பார்க்க வேண்டியது: 2280 என்றால் 80 மில்லிமீற்றர், 2242 என்றால் 42, 2230 என்றால் 30. மெல்லிய லப்டொப்கள் சிலவற்றில் 2280 நுழையவே நுழையாது. யூனிட்டி பிளாசாவுக்கோ புறக்கோட்டைக்கோ போகும்போது செத்த எஸ்.எஸ்.டி.யையே கையில் கொண்டுபோய்க் காட்டுவதுதான் நல்லது. மொடல் நம்பரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மொடல் பெயரில் வேறு வேறு சொக்கட் உள்ள லப்டொப்கள் விற்கப்படுகின்றன.

சரியான வகை, சரியாக உட்கார்ந்திருக்கிறது, இன்னும் தெரியவில்லையா? அந்த எஸ்.எஸ்.டி.யை வேறொரு லப்டொப்பிலோ யூ.எஸ்.பி. பெட்டியிலோ போட்டுப் பாருங்கள். அங்கே தெரிந்தால் உங்கள் மதர்போட்டில்தான் கோளாறு. அதற்கு மேல் வீட்டு வேலை இல்லை, சிப் மட்டத்தில் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளரிடம் போக வேண்டும்.

### பயோஸில் இருக்கிறது, மீட்புச் சூழலில் மட்டும் இல்லை

இன்டெல் புரொசசரின் 11ஆம் தலைமுறை முதல் வந்த லப்டொப்களில் இது அடிக்கடி நடக்கும். 'வி.எம்.டி.' என்ற அமைப்பு ஓனில் இருப்பதால், அதற்கான டிரைவர் இல்லாத மீட்புப் பென்னுக்கு டிஸ்க் கண்ணில் படாது. எஸ்.எஸ்.டி. பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில உண்மையில் பழுதே இல்லாதவை.

வழி இரண்டு. முதலாவது, லப்டொப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மொடலுக்கான 'இன்டெல் ரெபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்கி, விரித்து, பென்னில் போட்டு, மீட்புச் சூழலில் 'லோட் டிரைவர்' மூலம் கொடுப்பது. நல்ல வழி இதுதான். இரண்டாவது, பயோஸில் வி.எம்.டி.யை ஓஃப் செய்து மீட்டுவிட்டு, முதல் தடவை வின்டோஸைப் பூட் செய்ய முன் திரும்ப ஓன் செய்வது. பழைய வின்டோஸ் வி.எம்.டி. ஓனில் இருந்த காலத்தில் எடுத்த இமேஜ் என்பதால் அதையே எதிர்பார்க்கும். சில ஏசர் லப்டொப்களில் இந்த வரி மறைந்திருக்கும். பயோஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் வெளிப்படும்.

## அறிகுறி 3: பெக்கப் டிஸ்க் தெரியவில்லை, அல்லது உள்ளே இமேஜ் இல்லை என்கிறது

- டிஸ்க்கை லப்டொப்பின் போட்டில் நேரடியாகச் செருகுங்கள். ஹப்பிலோ முன்பக்க நீட்டிப்பு வயரிலோ 2.5 அங்குல டிஸ்க்குக்கு மின்சாரம் போதாமல் சுழலத் தொடங்கி நின்றுவிடும்.
- கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் பக்கத்தில் அகலமான, இரு பகுதிச் செருகி உள்ள கேபிள்கள் எளிதில் தளர்ந்துபோகும். செருகிய பின் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். டிஸ்க்கின் சிறு விளக்கு அணைந்து எரிந்தால் கேபிள்தான்.
- டிரைவ் எழுத்து மாறியிருக்கும். வீட்டில் 'ஈ'யாக இருந்தது மீட்புச் சூழலில் 'டி'யாகவோ 'எஃப்'ஆகவோ வரலாம். எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.
- வின்டோஸின் சொந்த இமேஜ் என்றால் 'வின்டோஸ்இமேஜ்பெக்கப்' என்ற ஃபோல்டர் டிஸ்க்கின் மேல்மட்டத்திலேயே, அதே பெயரில் இருக்க வேண்டும். 'பழைய லப்டொப்' என்றொரு ஃபோல்டருக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தால் மீட்புக் கருவி கண்டுபிடிக்காது. வெளியே எடுத்துப் போடுங்கள், ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது.
- பெக்கப் டிஸ்க்கையே பிட்லொக்கரால் (வின்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டியிருந்தால் முதலில் அதன் பாஸ்வேர்டால் திறக்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' சத்தம் கேட்டால் உடனே கழற்றுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது, ஃபிரிஜ்ஜில் வைப்பது, தட்டுவது எதுவும் வேண்டாம். தரவு மீட்பவர்களிடம் போக வேண்டிய இடம் இது. சாதாரண ரிப்பேர் கடையில் 'ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பார்ப்பம்' என்றால் மறுத்துவிடுங்கள். வாசிக்கும் தலை உடைந்த டிஸ்க் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழும்.

## அறிகுறி 4: டிஸ்க் பொருந்தாது என்று மறுக்கிறது

அளவு சின்னது. பழையது 512 ஜி.பி., புதியது 500 ஜி.பி. கடையில் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். வின்டோஸில் முதலாவது ஏறக்குறைய 476 ஆகவும் இரண்டாவது 465 ஆகவும் தெரியும். வின்டோஸின் சொந்த இமேஜ் கருவி, உள்ளே 100 ஜி.பி. மட்டுமே நிரம்பியிருந்தாலும், சின்ன டிஸ்க்கில் மீட்க மறுக்கும். குளோன்சில்லா என்ற இமேஜ் கருவியும் சாதாரண முறையில் அப்படித்தான். மேக்ரியம் போன்ற கருவிகள் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) சுருக்கி மீட்கும், உள்ளே போதிய வெற்றிடம் இருந்தால். குழப்பமில்லாத வழி, சம அளவோ பெரியதோ வாங்குவது. 480 ஜி.பி. மலிவு என்று ஆசைப்பட வேண்டாம்.

வாங்கியதும், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' மென்பொருளில் 'பவர் ஒன் அவர்ஸ்' (டிஸ்க் ஓடிய மணித்தியாலங்கள்) பாருங்கள். புதியது என்று விற்ற டிஸ்க்கில் அது நூற்றுக்கணக்கில் இருந்தால் புதியதல்ல. பில்லோடு அன்றே திரும்பிப் போங்கள்.

'ஃபேம்வெயர் வேறு' என்ற செய்தி. அறிகுறி 1இல் சொன்ன முறைத் தவறு. பென்னை மற்ற வரியிலிருந்து பூட் செய்யுங்கள். பழைய இமேஜ் லெகசி முறையில், புது லப்டொப்பிலோ லெகசியே இல்லை என்றால் முழு மீட்புக்கு மல்லுக்கட்ட வேண்டாம். புதிதாக வின்டோஸ் போட்டு, இமேஜுக்குள் இருக்கும் 'வி.எச்.டி.எக்ஸ்' கோப்பை 'டிஸ்க் மனேஜ்மென்ட்'டில் 'அட்டாச்' செய்து ('ரீட் ஒன்லி' டிக் போட்டு) உங்கள் ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள லப்டொப். வின்டோஸ் கருவியில் 'ஃபோமட் அண்ட் ரீபார்ட்டிஷன்' டிக் இருந்தால் மற்ற டிஸ்க்கும் அழிந்துபோகலாம். 'எக்ஸ்க்ளூட் டிஸ்க்ஸ்' மூலம் விலக்குங்கள். அதைவிட, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்தால் நிம்மதி.

## அறிகுறி 5: பாதியில் நிற்கிறது, அல்லது 'சி.ஆர்.சி.' (தரவைப் பிழையாக வாசித்த) பிழை

முதலில் உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். 200 ஜி.பி. இமேஜ் யூ.எஸ்.பி. 2 போட்டில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதே இமேஜ் யூ.எஸ்.பி. 3 போட்டில் சாதாரண ஹாட் டிஸ்க்கிலிருந்து அரை மணித்தியாலத்தை ஒட்டி முடியும். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் விடுங்கள், ஓடட்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் பெக்கப் டிஸ்க்கில் வாசிக்க முடியாத பகுதி இருக்கிறது. வேறு கணினியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு 'கரன்ட் பென்டிங் செக்டர்' பாருங்கள். பூச்சியமல்லாத எண் என்றால் அந்த டிஸ்க்கை மேலும் ஓட்டாமல் இமேஜை வேறிடத்துக்குக் கொப்பி எடுக்க முயலுங்கள். கொப்பியும் நின்றால் தரவு மீட்பவரிடம்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கேபிள், போட், அல்லது றாம். கேபிளை மாற்றியும் தொடர்ந்தால் றாமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்86' ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த றாம் வேண்டாம். இரண்டு றாம் இருந்தால் ஒன்றைக் கழற்றி மாற்றி மாற்றிப் பாருங்கள். பழுதான றாமோடு ஒரு வழியாக மீட்பை முடித்துவிட்டால் அதுதான் பெரிய ஆபத்து, ஏனெனில் எந்தக் கோப்பு கெட்டது என்று பிறகு தெரியவே தெரியாது.

லப்டொப் தானாக ஓஃப் ஆகிறது. சூடு. ஃபேன் சுற்றுகிறதா, காற்றுத் துளை தூசியால் அடைத்திருக்கிறதா பாருங்கள். மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள்.

## அறிகுறி 6: மீட்பு 'வெற்றி' என்கிறது, வின்டோஸ் வரவில்லை

'நோ பூட்டபிள் டிவைஸ்'. மீட்புப் பென்னைக் கழற்றினீர்களா? பயோஸின் பூட் வரிசையில் 'வின்டோஸ் பூட் மனேஜர்' முதலாவதாக இருக்கிறதா? அந்த வரியே இல்லை என்றால், 'சி' பார்ட்டிஷனை மட்டும் மீட்டு, அதன் முன்னால் இருக்கும், பூட் கோப்புகள் உள்ள சின்ன இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை விட்டிருக்கலாம். திரும்ப எல்லாப் பார்ட்டிஷன்களையும் தெரிவு செய்து மீட்டெடுங்கள். எல்லாம் இருந்தும் வரவில்லை என்றால் மேக்ரியத்தில் 'ஃபிக்ஸ் வின்டோஸ் பூட் ப்ரொப்ளம்ஸ்', வின்டோஸ் பென்னில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. பின்னது முதல் தடவையில் சரிவராவிட்டால் இரண்டு, மூன்று தடவை ஓட்டலாம்.

நீலத் திரை, 'இனெக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்'. டிஸ்க் அங்கேதான் இருக்கிறது, அதைத் தொட வின்டோஸிடம் டிரைவர் இல்லை. அறிகுறி 2இல் வி.எம்.டி.யை ஓஃப் செய்து மறந்திருந்தால் ஓன் செய்யுங்கள், பலருக்கு இதோடு முடிந்துவிடும். மதர்போட் மாறியபோது பயோஸ் 'ஏ.எச்.சி.ஐ.', 'ரெய்ட்' அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கலாம், மற்றதைத் தெரிவு செய்து பாருங்கள். இரண்டிலும் வராவிட்டால் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக 'சேஃப் மோட்'டில் ஒரு தடவை உள்ளே போய், பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். முற்றிலும் வேறு லப்டொப்பில் மீட்டிருந்தால் 'ரீடிப்ளோய்' போன்ற, வேறு வன்பொருளுக்கு மாற்றித்தரும் வசதி தேவைப்படலாம்.

இவ்வளவும் செய்தும் நீலத் திரைதான் என்றால், கடைக்குப் போக முன் புதிதாக ஒரு வின்டோஸ் போட்டுப் பாருங்கள். புதியதும் தடுமாறினால் வன்பொருள் கோளாறு, கடைக்குப் போகலாம். புதியது சீராக ஓடினால் கோளாறு இமேஜில், கடைக்காரருக்குக் காசு கொடுத்தும் பயனில்லை.

## அறிகுறி 7: வின்டோஸ் வருகிறது, உள்ளே விடவில்லை

48 இலக்க எண் கேட்கிறது. மதர்போட் மாறி, பழைய எஸ்.எஸ்.டி. அப்படியே இருந்தால் பிட்லொக்கர் இதைக் கேட்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய் 'டிவைஸஸ்' பகுதியில் 'ரிகவரி கீ' பாருங்கள். திரையிலுள்ள 'கீ ஐ.டி.'யின் முதல் எட்டு எழுத்து பொருந்துவதே சரியான சாவி. அலுவலக லப்டொப் என்றால் உங்கள் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள். சாவி இல்லாமல் 'உடைத்துத் தருகிறோம்' என்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம், யாராலும் முடியாது. அந்த எஸ்.எஸ்.டி.யைத் துடைத்து, பெக்கப்பிலிருந்து மீட்பதே வழி. மீட்டபின் டிஸ்க் பெரும்பாலும் பூட்டில்லாமல் இருக்கும் என்பதால் பிட்லொக்கரை நீங்களே திரும்ப ஓன் செய்ய வேண்டும்.

பின் நம்பர் வேலை செய்யவில்லை. பின் நம்பர் பழைய மதர்போட்டின் டி.பி.எம். என்ற பாதுகாப்பு சிப்போடு பிணைந்தது. 'சைன் இன் ஒப்ஷன்ஸ்' அழுத்திப் பாஸ்வேர்டால் உள்ளே போய்ப் புதிய பின் வையுங்கள்.

'வின்டோஸ் அக்டிவேட் ஆகவில்லை'. எஸ்.எஸ்.டி. மட்டும் மாறியிருந்தால் இணையத்தில் இணைத்ததும் தானாகச் சரியாகும். மதர்போட் மாறியிருந்தால் 'அக்டிவேஷன்' பக்கத்தில் 'ட்ரபிள்ஷூட்' போய், 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்ற தெரிவை அழுத்துங்கள். உரிமம் முன்பே கணக்கோடு இணைந்திருந்தால்தான் இது வேலை செய்யும்.

இணையத் தளங்கள் 'சான்றிதழ் பிழை' என்கின்றன. திகதியைப் பாருங்கள். மதர்போட் மாறியதும் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். நேர வலயம் 'ஸ்ரீ ஜயவர்தனபுர', 5 மணி 30 நிமிடம் முன்னே. ஓஃப் செய்து ஓன் செய்ய ஒவ்வொரு தடவையும் நேரம் பின்வாங்கினால் சீமோஸ் பற்றரி (கடிகாரத்தை ஓட்டும் சின்னப் பற்றரி) தீர்ந்திருக்கும். பல லப்டொப்களில் அது சி.ஆர்.2032.

வைஃபை இல்லை. அன்ட்ரொய்ட் போனை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து 'யூ.எஸ்.பி. டெதரிங்' ஓன் செய்யுங்கள். அதன் வழியாக 'வின்டோஸ் அப்டேட்' டிரைவரை எடுத்துக்கொள்ளும். டேட்டா பெக்கேஜ் கரையாமலிருக்க முதலில் ஒன்ட்ரைவை 'போஸ்' செய்யுங்கள்.

## அறிகுறி 8: எல்லாம் சரி, ஆனால் கோப்புகள் பழையவை

இமேஜ் எடுத்த நாளுக்குப் பிந்தியது இமேஜில் இருக்காது. இணையச் சேமிப்போடு (ஒன்ட்ரைவ் போல) ஒத்திசைக்கும் செயலிகள் எதுவானாலும், இணையத்தை இணைக்க முன் முக்கிய ஃபோல்டர்களை ஒரு தடவை வேறிடத்துக்குக் கொப்பி எடுங்கள். சில செயலிகள் எது புதியது என்று குழம்பி, புதியதின் மேல் பழையதை எழுதிவிடும்.

இடைப்பட்ட நாட்களின் கோப்புகள் தேவை என்றால், செத்த எஸ்.எஸ்.டி. பயோஸில் பெயரளவிலாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு, தேவையானதை மட்டும், முக்கியமானதிலிருந்து தொடங்கிக் கொப்பி எடுங்கள். அதில் 'செக் டிஸ்க்' ஓட்ட வேண்டாம். பெயரே தெரியாவிட்டால் தரவு மீட்பவரிடம் மதிப்பீடு கேட்கலாம். வாரண்டிக் காலத்தில் இருக்கும் டிஸ்க்கை ஏஜன்ட்டிடம் கொடுத்தால் மாற்றாகப் புதியது தருவார்கள், பழையது பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே தரவு வேண்டுமா, வாரண்டி வேண்டுமா என்பதைப் பெட்டியைக் கவுன்டரில் வைக்க முன் முடிவு செய்யுங்கள்.